அவள் பையில் இருக்கும் மண்வாரி

ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிழலில், இரண்டு நீளப் பட்டைகள் தொங்கும். பெங்களூர் மர்பி டவுனில் ஒரு வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பது நாலு வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது. கீழ் போர்ஷனில் குடியிருப்பவள் முதல் வருஷமே கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா இது, எதுனா ஜந்துவோட தோலா?"

தோல்தான் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ஸ்கின்தான். பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ஒட்டுவது. ஒரு பக்கம் பசை, மறு பக்கம் ஒரே திசையில் படிந்த குட்டை மயிர். மலையில் ஏறும்போது பலகை பின்னால் வழுக்காமல் அது பிடித்துக்கொள்ளும். மேலே போனதும் உரித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டியதுதான். இதை அவளிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏறணும், அப்புறம் எறங்கணும். அவ்ளோதானே? அதுக்கு அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு இருக்கே" என்றாள். நியாயமான கேள்விதான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்கிற வயசும் தாண்டிவிட்டது, அந்த மட்டில் நிம்மதி. அப்பா அம்மா போன பிறகு இந்த வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். தம்பி ஓசூரில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான், சாப்பிடுவான், "இந்த வீட்டை வித்துடலாங்கா" என்பான், போய்விடுவான். எனக்கு ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்டதால், சில வாரங்களில் வியாழக்கிழமை வாக்கில்தான் கவனிப்பேன், கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு மனுஷரோடும் பேசவில்லை என்று. பால் பாக்கெட் போடுகிறவர்கூட ஆப்பில் சொன்னால் போதும், மணி அடிப்பதில்லை.

பனிச்சறுக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை. கம்பெனி ஒரு வருஷம் குளிர் நாட்டுக்கு அனுப்பியது. கூட வந்தவள் ராஜாஜி நகர்க் கன்னடப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் குழந்தைகள் சறுக்குகிற ஒரு சின்ன மேட்டுக்குப் போனோம். மூன்று வயசுப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் பறந்தன. நாங்கள் விழுந்தோம். எழுந்தோம், சிரித்தோம், மறுபடி விழுந்தோம். அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அடுத்த வாரமும் போனேன்.

ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் காஷ்மீருக்குப் போவோம். கூட்டமாக ரோப் காரில் ஏறிப் போட்டோ எடுக்கிற பக்கம் இல்லை. அதைத் தாண்டி, லிஃப்டும் பாதையும் இல்லாத மலை. விடிந்ததும் நடக்க ஆரம்பித்தால் மத்தியானம் மேலே. சத்தமே இருக்காது. நம் மூச்சும் பட்டை பனியில் உரசுகிற சத்தமும்தான். முன்னால் அவள் முதுகு, பின்னால் நான். தனியாக இருப்பதற்கும் ஒருத்தியோடு பேசாமல் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அங்கே போனால்தான் தெரியும். மற்ற மாசமெல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த மாதிரி மலைக்குப் போகிறவர்கள் எல்லாருடைய பையிலும் மூன்று சாமான் கட்டாயம். ஒன்று பீக்கன், மார்பில் வாரால் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோப் பெட்டி. பனி சரிந்து ஆள் புதைந்தால் உள்ளேயிருந்து அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவர் தன் பெட்டியைத் தேடும் பக்கத்துக்கு மாற்றினால் ஒரு அம்புக்குறியும் ஒரு எண்ணும் தெரியும். அம்பு போகிற பக்கம் போக வேண்டும், எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில். இரண்டாவது, மடித்துவைத்த நீளக் கம்பி. பனிக்குள் குத்திப் பார்க்க. மூன்றாவது, பிடியைக் கழற்றி மாட்டுகிற அலுமினிய மண்வாரி, தோண்ட. இவ்வளவையும் ஒரு காப்பி போட்டுக் குடிக்கிற நேரத்துக்குள் செய்தால்தான் உண்டு. தாண்டினால் எடுப்பது உடம்பைத்தான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. என் பையில் இருக்கும் மண்வாரி எனக்கு உதவாது. நான் புதைந்தால் அதுவும் என்னோடு புதையும். அது அவளுக்கு. எனக்கான மண்வாரி அவள் பையில். அதனால்தான் அங்கே ஜோடி இல்லாமல் யாரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. மற்ற ஊர்ப் பயணத்துக்கெல்லாம் நமக்கு வேண்டியதை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். இதற்கு மட்டும் இன்னொருத்திக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறோம். தலைவலி மாத்திரைக்குக்கூடத் தானே எழுந்து போகிற எனக்கு, என் உயிர் ஒருத்தி முதுகில் இருக்கிறது என்ற நினைப்பே தித்திப்பாக இருக்கும்.

இந்த வருஷம் அவள் வரவில்லை. டிசம்பரிலேயே போன் பண்ணினாள். "அக்கா, முட்டி ரொம்ப பேஜாராயிடுச்சு. டாக்டர் கூடாதுன்னுட்டார். நீ போய்ட்டு வா" என்றாள். எனக்கு முகமே விழுந்துவிட்டது. ஆனால் முட்டி வலிக்காரியிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? "உடம்பப் பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டு, அங்கே எங்களைக் கூட்டிப் போகும் கைடுக்குப் போன் பண்ணினேன். நல்ல மனிதர். உங்களை மாதிரித் தனியாக வருகிற இன்னொருவரோடு ஜோடி சேர்த்துவிடுகிறேன், வாருங்கள் என்றார். முன்பின் தெரியாத ஆள். இருந்தாலும் போகாமல் இருப்பதைவிட அது மேல் என்று டிக்கெட் போட்டேன்.

திங்கட்கிழமை விமானம். சனிக்கிழமை காலை ஹாலில் பாயை விரித்துச் சாமானைப் பரப்பினேன். கையுறை இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் மற்றது. கண்ணாடி, தெர்மாஸ், காற்றுப் புகாத மேல் கோட்டு. சாப்பாட்டுக்கு அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் வாங்கிய அதிரசம். இது எங்கள் இரண்டு பேரின் கண்டுபிடிப்பு. அந்தக் குளிரில் சாக்லேட் செங்கல்லாகிவிடும், கடலை மிட்டாய் பல்லை உடைக்கும். அதிரசம் மட்டும் எண்ணெயும் வெல்லமும் சேர்ந்து கடிக்கிற பதத்தில் இருக்கும். கையுறை போட்ட கையோடு பிடித்துச் சாப்பிடலாம். வெள்ளைக்காரன் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

பீக்கன் சரி. கம்பி சரி. மண்வாரியை எடுத்தேன், தலை மட்டும்தான் வந்தது. பிடி இல்லை.

பையைக் கவிழ்த்தேன், பீரோவைக் குடைந்தேன், கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். இல்லை. உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் கடைசி நாள் வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்க, இரண்டு பேரும் ஒரே கட்டிலில் எல்லாவற்றையும் கொட்டி, கைக்கு வந்ததை வந்த பையில் திணித்துக்கொண்டு ஓடினோம். என் பிடி அவள் பையில் போயிருக்கும். பிடி இல்லாத மண்வாரியை வைத்துக்கொண்டு இட்லி மாவைத்தான் வழிக்கலாம்.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். எடுக்கவில்லை. முட்டி வலியோடு படுத்திருப்பாள் பாவம், நேரில் போய் வாங்கிக்கொண்டு ஒரு நடை பார்த்தும் வரலாம் என்று ஆட்டோ பிடித்தேன். வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி வலித் தைலம் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் அந்தத் தைலம்தான். ஒக்கலிபுரம் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஊரையே திட்டிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் திட்டினேன். வெகுநாள் கழித்து ஒருவரோடு பேசிக்கொண்டு போவது நன்றாகத்தான் இருந்தது.

அவள் வீடு ராஜாஜி நகரில் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. படியேறும்போதே நினைத்தேன், முட்டி வலியோடு இதில் எப்படி ஏறி இறங்குகிறாள் என்று. மணி அடித்ததும் உள்ளிருந்து விறுவிறுவென்று நடந்து வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஹால் தரையில் போர்வை விரித்திருந்தது. அதன்மேல் பலகை, பட்டை, கையுறை, தெர்மாஸ், பீக்கன். எல்லாம் வரிசையாக. நான் என் வீட்டில் பரப்பியிருந்த அதே வரிசை. இரண்டு பேரும் சேர்ந்து பழகிய வரிசை.

என் கையில் தைலம்.

"அக்கா..." என்றாள். "உள்ள வா. கூத்கோ அக்கா, உக்காரு."

நான் உட்காரவில்லை. "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அது அவளுக்குத் தெரியும்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல அக்கா."

"அப்ப டாக்டர்?"

"டாக்டர் கிட்ட போகவே இல்ல."

"யாரோட போற?"

சுவர் ஏறிப் பழகுகிற இடம் ஒன்றுக்கு அவள் வாரா வாரம் போவாள். அங்கே பழக்கமான ஒரு பையனோடு போகிறாளாம், அதே கைடிடம்; நான் திரும்பிய பிறகு போக நினைத்தாளாம், இந்த வாரம்தான் இடம் கிடைத்ததாம். காதல் கீதல் ஒன்றும் இல்லை, வெறும் மலை ஜோடி என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. காதல் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வயசுப் பெண், போகட்டும் என்று விட்டிருப்பேன். என் இடத்தை எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"நான் என்னடி தப்பு பண்ணேன்? மெதுவா நடக்கறேனா? உன்னை எங்கயாவது காக்க வெச்சேனா?"

"நடக்கறதுல ஒண்ணும் இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன வருஷம் கைடு பீக்கன் போட்ட ஒரு பையைப் புதைச்சு வெச்சு நம்மளைத் தேடச் சொன்னார் இல்ல?"

"ஆமா, கண்டுபிடிச்சேனே."

"கண்டுபிடிச்சே அக்கா. ஆனா நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கினே இருந்தேன். நீ அந்தப் பக்கம் போறே, இந்தப் பக்கம் போறே, கண்ணாடியைக் கழட்டறே, போடறே. அந்தப் பைக்குப் பதிலா நான் உள்ள இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சேன். அன்னிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உன் கிட்ட எப்படி ஹேளறது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்கு முட்டியா?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்." இப்போது நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீ புதைஞ்சா நான் உன்னை எடுத்துடுவேன் அக்கா. அதுல எனக்கு டவுட்டே இல்ல. நான் புதைஞ்சா நீ எடுப்பியான்னுதான் எனக்குத் தெரியல."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா என்றேன். மூஞ்சிக்கு நேராகச் சொல்லத் துப்பில்லாமல் பொய் சொல்லி ஒதுக்குகிறாயே என்றேன். நீ விழுந்து கிடந்தபோதெல்லாம் தூக்கிவிட்டவள் நான் என்றேன். அவள் உள்ளே போய் என் மண்வாரிப் பிடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தைலத்தை அவள் கையில் வைத்து, "இந்தா, முட்டிக்குத் தேச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வழி முழுக்க ஒரே எண்ணம். எனக்கா தேடத் தெரியாது? அவளுக்கு முதல் பீக்கனை வாங்கித் தந்து, அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இன்றைக்கே தேடிப் பார்க்கிறேன், எவ்வளவு வேகமாக எடுக்கிறேன் பார் என்று வீராப்பாக வீட்டுக்கு வந்தேன். என்னிடம் பழைய பீக்கன் ஒன்று உண்டு. இன்னும் வேலை செய்யும். அதை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டுப் புதியதை வைத்துத் தேடினால் ஆயிற்று.

பழையதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குப் போனேன். சாக்கடை வேலைக்காகக் கொட்டிய மணலும் ஜல்லியும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு குவியலில் கையால் குழி பறிக்க ஆரம்பித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. நானே ஒளித்துவைத்து நானே தேடுவது எப்படி? எங்கே இருக்கிறதென்றுதான் எனக்குத் தெரியுமே. தனியாகச் சமைக்கலாம், தனியாகக் கோயிலுக்குப் போகலாம், ஜுரம் வந்தால்கூடத் தனியாகப் படுத்து எழுந்துவிடலாம், எல்லாம் பண்ணிப் பார்த்தாயிற்று. இது ஒன்றை மட்டும் தனியாகப் பண்ண முடியாது. மணலில் கையை விட்டபடி எவ்வளவு நேரம் குந்தியிருந்தேனோ தெரியவில்லை.

கீழ் வீட்டுக்காரி பின் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு மாலில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு, அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட். "இன்னாக்கா, மணல்ல காசு கீசு போட்டுட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பெட்டியை எங்கேயாவது புதைத்து வை, நான் பார்க்க மாட்டேன், மாடிக்குப் போய்விடுகிறேன், கூப்பிட்டால் வந்து தேடுகிறேன். அவளுக்குக் குஷி. "கண்ணாமூச்சியா? சூப்பரு. நீ மேல போ" என்றாள்.

கூப்பிட்டாள். இறங்கி வந்து பீக்கனைத் தேடும் பக்கத்துக்கு மாற்றினேன். பீப் என்றது. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், என் கை பறக்க ஆரம்பித்தது, தலை நின்றுவிட்டது. அம்பு இடது பக்கம் காட்டியது, போனேன், எண் ஏறியது. திரும்பினேன். மேலே கரண்டு ஒயர், அதனால் எண் குதிக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கிட்டத்தில் பார்க்க வேறு கண்ணாடி வேண்டும், அதைப் போட்டால் நடக்கும்போது தரை தெரியாது. போட்டேன், கழற்றினேன். அவள் சொன்னதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது; தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் முட்டிபோட்டுத் தோண்டி எடுத்தேன்.

அதற்குள் கீழ் வீட்டுக்காரி டீ போட்டுக் குடித்து, தலையைப் பின்னி, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். "ஜடையே போட்டு முடிச்சிட்டேன், நீ இன்னும் சுத்திக்கினே இருக்கியே" என்று சிரித்தாள்.

"இன்னொரு தபா வை" என்றேன்.

வைத்தாள். அது இன்னும் மோசம். மூன்றாவது தடவை அவளே பாவப்பட்டு மணலின் ஓரத்திலேயே வைத்திருந்தாள், அதற்கும் திண்டாடினேன். வேர்த்து ஊற்றியது. பழகினால் வரும் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. போன வருஷம் மூன்று நாள் பயிற்சி எடுத்த பிறகுதான் அந்த லட்சணம்.

"அதான் கெடச்சிடுச்சி இல்ல, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?"

"லேட்டு" என்றேன்.

"லேட்டுன்னா இன்னா ஆவும்?"

"இந்தப் பெட்டி ஒரு ஆள் மேல இருக்கும். அந்த ஆள் பனிக்குள்ள இருப்பாங்க. மூச்சு முட்டும்."

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப நீ உள்ள போய்ட்டா? உன்னைத் தோண்டறதுக்கு ஆள் கீதா?" என்று கேட்டாள்.

"இருப்பாங்க. அங்க யாரையாவது ஜோடி சேர்ப்பாங்க."

"அவங்க நல்லாத் தேடுவாங்களா?"

"தேடுவாங்க."

"அப்ப போயேன். உனக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்றாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டாள்.

அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. எனக்கு ஒன்றும் ஆகாது. போகலாம். அங்கே வரப்போகிற ஆள், எந்த ஊரோ யாரோ, என் பையில் மண்வாரி மாட்டியிருப்பதைப் பார்ப்பான். இத்தனை வருஷமாக வருகிறவள் என்று கைடு சொல்வார். அது போதும் அவனுக்கு, நம்பிவிடுவான். நானும் இவ்வளவு காலமாக அப்படித்தானே ஒருத்தியை நம்பினேன். அவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் பனி சரியாது. ஒன்றும் ஆகாமலே திரும்பிவிடுவோம். இதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மாடியேறி வந்து பாய்மேல் பரப்பிய சாமானுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயசில் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அழுகிறேனே என்று நினைத்தும் அழுகை நிற்கவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு கைடுக்குப் போன் பண்ணினேன். எனக்குத் தெரிந்த இந்தியில், நான் வரவில்லை என்றேன். உடம்புக்கு என்ன என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, என்னால் சீக்கிரமாகத் தேட முடியவில்லை, என்னை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள் என்றேன். லிஃப்ட் இருக்கிற பக்கம் வந்து சறுக்கலாமே மேடம், அங்கே இதெல்லாம் தேவையில்லை என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பார்க்கலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. போன வருஷமே அவரும் கவனித்திருப்பார் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுத்தேன்.

"அக்கா, கோபமா?"

"இருக்கு" என்றேன். "நான் இந்த வருஷம் போகல. கைடு கிட்ட சொல்லிட்டேன்."

"அய்யோ, யாக்கே அக்கா?" என்றாள். ஏன் என்றுதான் கேட்டாள். ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டாள், நீளமாக. எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. நான் அங்கே வந்து நின்றால் கைடு பழைய பழக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிடுவார், எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். அது எனக்குக் கேட்டுவிட்டது. நேற்று அவள் சொன்ன எந்த வார்த்தையும் அந்த ஒரு மூச்சு மாதிரி என்னைச் சுடவில்லை.

"தேடிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை, முந்தின நாளே முடித்துவிட்டேன். அவள் மூக்கை உறிஞ்சி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன்.

"அந்தப் பையன் நல்லாத் தேடுவானா?"

"நல்லாத் தேடுவான் அக்கா. ரொம்ப ஃபாஸ்ட்."

"உன் கண்ணால பாத்தியா?"

"பார்த்தேன். எத்தனையோ தடவை."

"சரி. பத்திரமாப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவள் புதைந்தால் அவன் எடுத்துவிடுவான். அது போதும் எனக்கு என்று சொன்னால் பொய். போதாது, கொஞ்சங்கூடப் போதாது. ஆனாலும் அவள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கூப்பிட்டிருந்தாலும், அந்தப் பையன் நல்லாத் தேடுவானா என்று அதையேதான் கேட்டிருப்பேன்.